குழிக்குள் காலை விட்டுச் சொன்னது

எங்கள் தெருவில் நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை. என் கல்யாணத்துக்கு நானே வீடு வீடாகப் போய் அழைத்தேன். பாதிப் பேர் வரவில்லை. விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டார்களாம். மீதிப் பேர் வந்ததும் பெண் வீட்டாரைப் பார்த்து ஊர்ஜிதப்படுத்திக்கொள்ளத்தான்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் என் பேச்சுக்கு மதிப்பு உண்டு. அது எங்கள் தறிக்குழி.

எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்துக்கொண்டே நெய்ய வேண்டும். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று இணைத்து நெய்யும் பட்டுச் சேலைக்கு இரண்டு பேர் தேவை. நடுவில் நான். ஒரு பக்கக் கரைக்கு, குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் நாடாவைப் போட என் வீட்டுக்காரி. கல்யாணமான புதிதில் நெய்துகொண்டே அவளிடம் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று இப்போது நினைவில்லை, நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். இருவரும் சிரித்து முடித்துப் பார்த்தபோது, அரக்குக் கரை பச்சை உடலுக்குள் நாலு விரற்கடை புகுந்து போயிருந்தது. பிரித்து எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஒரு சட்டம் போட்டாள்.

"காலு குழிக்குள்ள இருக்கிற வரைக்கும் வாயில நெசம்தான் வரணும். மேல ஏறினப்புறம் இன்னா வேணா ஒளறிக்குங்க."

அந்தச் சட்டத்தை நான் மீறியதில்லை. குழியில் இருக்கும்போது என் முகத்தைப் பார்த்தால் கோயிலில் அர்ச்சனைக்கு நிற்பவன் மாதிரி இருக்குமாம். அப்படி நாள் முழுக்க அடைத்து வைத்ததெல்லாம் மேலே ஏறியதும் மொத்தமாகக் கொட்டும். என் மகள் கழுத்தைக் காட்டிக்கொண்டு வந்து நின்றது அப்படிப்பட்ட ஒரு வேளையில்தான்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. தொண்டைக்குழிக்குக் கொஞ்சம் மேலே, சுண்டைக்காய் அளவில் ஒரு கட்டி.

"நைனா, இது இன்னா?"

"அதுவா? தாமல் ஏரிக்கரையில நாவப்பழம் தின்னியே, ஒரு கொட்டைய முழுங்கிட்டே. அது அங்க மாட்டிக்கினு இருக்குது. தண்ணி பட்டா மொளைக்கும். அடுத்த வருசம் நாம தாமலுக்குப் போவவே வேணாம். நீ வாயத் தொறந்தா போதும், நாங்க பறிச்சிக்குவோம்."

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். சிரித்தாளா என்று நான் பார்க்கவில்லை. சொன்னதும் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவது என் வழக்கம்.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்காரி தறி அருகே வந்து நின்றாள். கரைக்கு உட்காரவில்லை.

"பொண்ணு தண்ணியே குடிக்க மாட்டேன்றாங்க. சோறு விக்கினா கூட சொம்பத் தொட மாட்டேன்றா. ஒதடு வெடிச்சிப் போயிருக்குது பாருங்க. கேட்டா, மரம் மொளைச்சிடும்ன்றா. எந்தக் கடங்காரன் சொன்னான் இத?"

நான் குழிக்குள் இருந்தேன். உண்மையைத்தான் சொல்ல வேண்டும்.

"நாந்தான்."

அதற்குப் பிறகு அவள் சொன்னதையெல்லாம் எழுத முடியாது. கடைசியாகச் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். "தெருவையே சிரிக்க வெக்கிற வாயி, வூட்டுப் பொண்ணத் தாகத்துல வாட்டுது."

மேலே ஏறி ஓடினேன். மகள் பின்கட்டில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். "கண்ணு, கொட்டையும் இல்ல, மரமும் இல்ல. நைனா சும்மா சொன்னேன். தண்ணி குடி" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"காலு எங்க இருக்குது?"

கால் தரையில் இருந்தது. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்த் தறியில் உட்கார வைத்தாள். இரண்டு காலும் உள்ளே போய்விட்டதா என்று எட்டிப் பார்த்தாள்.

"இப்ப சொல்லு."

"கொட்டை கெடையாது."

"மரம்?"

"கெடையாது."

இரண்டு சொம்புத் தண்ணீரை நிறுத்தாமல் குடித்தாள். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு, "அப்ப இது இன்னா?" என்றாள்.

"தெரியல கண்ணு" என்றேன். அந்தக் குழியில் உட்கார்ந்து நான் அதுவரை சொன்னதிலேயே கஷ்டமான பேச்சு அதுதான்.

மறுநாள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் கட்டியை விரலால் நகர்த்திப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "பயப்பட ஒண்ணுமில்ல. சின்னப் பை மாதிரி, உள்ள நீர் சேர்ந்திருக்கு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். விட்டு வச்சா பெருசாகும்" என்றார். பயப்பட ஒண்ணுமில்ல என்பதை வீட்டுக்காரி பிடித்துக்கொண்டாள். ஆபரேஷன் என்பதை நான் பிடித்துக்கொண்டேன். மகள் பிடித்துக்கொண்டது டாக்டரின் மேசை மேல் இருந்த கண்ணாடிக் குண்டை. காகிதம் பறக்காமல் இருக்க வைப்பது. அதை உருட்டிப் பார்க்க அவர் விட்டதால் அவரை நல்லவர் என்று முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் சேர்த்தோம். பெண்களும் குழந்தைகளும் இருக்கும் வார்டு. தாய் கூட இருக்கலாம். ஆண்களுக்குச் சாயங்காலம் நாலு முதல் ஆறு வரைதான். வார்டுக்குப் பொறுப்பான நர்ஸம்மா நோட்டில் எழுதிக்கொண்டே கேட்டார்.

"இன்னாபா வேலை செய்றே?"

"நாள் பூரா குழியில காலை வுட்டுக்கினு குந்தியிருக்கிறதும்மா."

பேனா நின்றது. "ஆஸ்பத்திரிக்கு வந்து குழி, கிழின்னு பேசறியே, புத்தி இருக்குதா?"

பக்கத்துக் கட்டில் அம்மாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் அவளுக்காக இன்னும் இரண்டு சொன்னேன். இப்படி முதல் நாளே நர்ஸம்மாவிடமும் என் மதிப்பை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துக்கொண்டேன்.

மகளுக்கு வார்டு பிடித்துப் போயிற்று. இரும்புக் கட்டிலில் ஏறி இறங்கினாள். கட்டில் தலைமாட்டில் தொங்கிய அட்டையில் தன் பெயர் இருப்பதை எல்லோருக்கும் காட்டினாள். காலையில் ரொட்டியும் பாலும் தருகிறார்கள் என்பதை என்னிடம் இரண்டு தடவை சொன்னாள். எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம் நர்ஸம்மா வந்து என் வீட்டுக்காரியிடம் அந்த வார்த்தையைச் சொல்லும் வரை.

"ராத்திரி கஞ்சி குடுத்துடு. அதுக்கப்புறம் ஒண்ணும் தரக் கூடாது. பச்சத்தண்ணி கூட. ஒரு சொட்டு கூட."

நான் மகளின் முகத்தைப் பார்த்தேன். அவள் கழுத்தை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள்.

"அப்ப கொட்டை இருக்குது" என்றாள்.

"இல்ல கண்ணு..."

"இருக்குது. டாக்டருக்கும் தெரிஞ்சிருக்குது. அதான் தண்ணி வேணாம்றாங்க." குரல் இறங்கிப்போயிற்று. "ரம்பம் வெச்சி அறுப்பாங்களா?"

எங்கள் தெருமுனையில் தறிச்சாமான் செய்யும் ஆசாரி, கட்டையை இரண்டு காலுக்கு நடுவில் வைத்து அறுப்பதை அவள் தினமும் நின்று பார்ப்பாள். இழைக்கும்போது சுருள் சுருளாக விழும் சீவலைப் பொறுக்கிக்கொண்டு வருவாள். இப்போது அந்தக் கட்டை இருந்த இடத்தில் தன்னை வைத்துப் பார்க்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. கட்டிலின் மூலைக்குப் போய்ச் சுருண்டுகொண்டாள். "வூட்டுக்குப் போலாம். அந்த ரூமுக்கு நான் போவ மாட்டேன்" என்றாள். அம்மா சொன்னாள், கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில் அம்மாள் சொன்னாள், கேட்கவில்லை. நான் சொன்னேன். அவள் என் காலைத்தான் பார்த்தாள்.

நர்ஸம்மா என்னைத் தனியாக அழைத்தார். "இப்பிடி அடம் புடிச்சா நாலு பேரு அமுக்கிப் புடிச்சிக்கினுதான் மயக்கம் குடுப்பாங்க. வேற வழி இல்ல. ஆனா அது நல்லதில்லபா. அந்தப் பயம் புள்ளைக்குப் போவவே போவாது. நீதான் எதுனா பேசு. ஊருக்கெல்லாம் பேசறியே."

பேசுவதற்கு முதலில் எனக்கு உண்மை தெரிய வேண்டும். எனக்கு ஒரு எழவும் தெரியாது. வந்ததிலிருந்து சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேனே தவிர, ஒரு கேள்வி கேட்டிருக்கவில்லை. இப்போது கேட்டேன். தண்ணி ஏன் கூடாது? எப்படி மயக்கம் தருவார்கள்? வலிக்குமா? எத்தனை நாள்? நர்ஸம்மா என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"இதுல இன்னா வெளையாட்டு வெச்சிருக்கே?"

"ஒண்ணும் இல்லம்மா. தெரிஞ்சாத்தான் சொல்ல முடியும்."

சொன்னார். ஒவ்வொன்றாக, விரல் மடக்கிக் கேட்டுக்கொண்டேன். அடுத்து ஒரு குழி வேண்டும். வார்டு தரை சிவப்பு சிமெண்டு. வழவழவென்று இருந்தது. ஜன்னல் வழியாக வெளியே பார்த்தேன். பின்பக்கச் சுவரை ஒட்டி முழங்கால் ஆழத்துக்கு ஒரு கால்வாய் ஓடியது. பாத்திரம் கழுவும் தண்ணீர் அடியில் கொஞ்சம் தேங்கியிருந்தது.

மகளைத் தூக்கிக்கொண்டு போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கரையில் உட்கார்ந்து இரண்டு காலையும் உள்ளே விட்டேன். சில்லென்று இருந்தது. வாசனையைப் பற்றிச் சொல்ல வேண்டாம். அவள் குனிந்து பார்த்தாள்.

"ரெண்டும் உள்ள இருக்குதா?"

"இருக்குது."

அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள், தறியில் அவள் அம்மா உட்காரும் பக்கமாக.

"கொட்டை?"

"இல்ல. சின்னத் தண்ணிப் பை. டாக்டர் சொன்னாரு."

"அப்ப தண்ணி ஏன் வேணாம்?"

"மயக்க மருந்து குடுத்தா வாந்தி வரும். வவுறு நெறைய இருந்தா, தூக்கத்துல அது மூச்சுக் கொழாயில போயிடும். அதுக்குத்தான். எல்லாருக்கும் அப்பிடித்தான்."

"ரம்பம்?"

"கெடையாது. சின்னக் கத்தி. அத நீ பாக்கவே மாட்டே, தூங்கிக்கினு இருப்பே. மொதல்ல மூக்கு மேல ஒரு துணி வெப்பாங்க. அதுல மருந்து சொட்டுவாங்க. நாத்தம் அடிக்கும். கொஞ்சம் மூச்சு முட்டும். அப்பறம் தூக்கம் வந்துடும்."

"வலிக்குமா?"

அவளுக்குப் பின்னால் நின்ற என் வீட்டுக்காரி, இல்லை என்று சொல்லுங்கள் என்று கையை ஆட்டினாள். பன்னிரண்டு வருஷம் சட்டத்தைக் காத்தவளே மீறச் சொல்கிறாள்.

"தூக்கத்துல வலிக்காது. முழிச்சப்புறம் வலிக்கும். ரெண்டு நாளு நல்லா வலிக்கும். முழுங்கக் கஷ்டமா இருக்கும்."

அவள் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதந்த புளியங்கொட்டைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ உள்ள வருவியா?"

"வுட மாட்டாங்க கண்ணு. ஆனா நீ முழிச்சிக் கண்ணத் தொறந்தா, எதிர்ல நான் நிப்பேன்."

"சரி" என்று எழுந்தாள். "நான் தண்ணி கேக்க மாட்டேன்."

அவள் உள்ளே போன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் காலை ஒன்பது மணிக்கு. ஆண்களை விடுவது சாயங்காலம் நாலு மணிக்கு. குழியில் உட்கார்ந்து சொன்ன ஒரு பேச்சை என்னால் காப்பாற்ற முடியாது. ஓடிப்போய் நர்ஸம்மா முன்னால் நின்றேன்.

"காலையிலயா? பெரிய டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வர்ற நேரம்பா. ஆம்பளை நெழலு வுழுந்தா என்னத்தான் கேப்பாங்க. முடியாது."

"சொல்லிட்டேன்மா. கால உள்ள வுட்டுக்கினு சொல்லிட்டேன்."

இதைச் சொன்னால் யாருக்காவது புரியுமா? ஆனால் அவர் ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் நனைந்த காலைப் பார்த்தார். ஆறு மணிக்கு அடிக்க வேண்டிய மணியைக் கையில் எடுத்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கடைசிக் கட்டில் ஜன்னல் ஓரம் காலியா இருக்குது. ஒன் பொண்ண அங்க போடறேன். ஜன்னலுக்கு வெளிய யாரு நிக்கிறாங்க, யாரு போறாங்கன்னு பாக்கறது என் வேலை இல்ல."

மறுநாள் ஒன்பது மணிக்கு முன்பே போய்விட்டேன். நல்ல இடம்தான், ஒரே ஒரு குறை. ஜன்னலுக்கு நேர் கீழே அதே கால்வாய். ஜன்னல் அருகே நிற்க வேண்டுமென்றால் அதற்குள் இறங்கித்தான் நிற்க வேண்டும். இறங்கினால் என் மூக்கு வரைதான் ஜன்னல் கட்டைக்கு மேலே தெரிந்தது. போதும் என்று நின்றேன்.

ஒன்பதரை இருக்கும். நர்ஸம்மா கட்டிலைச் சரிசெய்ய வருவது போல வந்து, ஜன்னலைப் பார்க்காமலேயே, சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "ஒருத்தரும் புடிக்கல. தானா ஏறிப் படுத்துச்சி. 'மொதல்ல நாத்தம் அடிக்கும், மூச்சு முட்டும், அப்பறம் தூக்கம் வரும்'னு மயக்க டாக்டருக்கே சொல்லிக் குடுக்குது."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். காலுக்குக் கீழே பாசி, வேறு காரணம் இல்லை.

பத்தரைக்கு அவளைக் கொண்டுவந்து போட்டார்கள். கழுத்தில் வெள்ளைக் கட்டு. மூச்சு ஏறி இறங்குவது தெரிந்தது. அதையே எண்ணிக்கொண்டு நின்றேன். அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

"யாருய்யா அது? புது ஆளா? ஜன்னல்ல இன்னா வேடிக்கை?"

துப்புரவு மேஸ்திரி. கையில் பிரம்பு. நான் நெசவுக்காரன் என்று சொல்லலாம். நெசவுக்காரனுக்குக் கால்வாயில் என்ன வேலை என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமென்றால் என் கல்யாணத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்குள் என்னை வெளியே அனுப்பிவிடுவார்.

"ஆமாங்க. புது ஆளு" என்றேன். குழிக்குள் நின்று நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அது பொய் என்று மகளிடம் இன்று வரை சொல்லவில்லை.

"அந்த மூலையில ரெண்டு நாளா அடைச்சிக்கினு இருக்குது. எடு."

தென்னந்துடைப்பத்தை என்னிடம் வீசினார். மூலை நாலு அடி தள்ளித்தான் இருந்தது. குனிந்து குத்தினேன். இலையும் பஞ்சும் சோற்றுப்பருக்கையும் வந்தன. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். "தொடப்பத்த எப்பிடிப் புடிச்சிருக்கான் பாரு. ஒரு வேலையும் செஞ்ச கையாட்டம் தெரியலியே!" அவர் சொன்னது நியாயம். அவர் ஆட்கள் இரண்டு நிமிடத்தில் முடிப்பதற்கு நான் கால் மணி நேரம் எடுத்துக்கொண்டேன். நடுநடுவே நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன். அடைப்பு விட்டுக்கொண்டு தண்ணீர் குபுகுபுவென்று ஓடிய அந்த நேரம் பார்த்து உள்ளேயிருந்து வீட்டுக்காரியின் குரல்.

"ஏங்க! எங்க பூட்டீங்க? கண்ணத் தொறக்கிறா!"

பாய்ந்தேன். திறந்திருந்த ஜன்னல் கதவின் முனையில் தலை மோதியது. பொறி பறந்தது. அந்தப் பொறிக்கு நடுவில் மகளின் முகம். பாதி திறந்த கண்கள் என்னைத் தேடின, தாண்டிப் போயின, திரும்பி வந்தன. என் தலையில் ஒரு வாழையிலைத் துண்டு ஒட்டியிருந்ததாம், பிறகு சொன்னார்கள். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. வீட்டுக்காரி குனிந்து காதைக் கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"காலு எங்கன்னு கேக்கறா."

"குழியிலதான் கண்ணு" என்றேன். "ரெண்டும்."

அவள் வாயோரம் மெல்ல மேலே ஏறத் தொடங்கியது. நர்ஸம்மா எங்கிருந்தோ ஓடி வந்தார். "யோவ், சிரிக்க வெக்காத! தையலு இழுத்துக்கும்! பிரிக்கிற வரைக்கும் ஏழு நாளைக்கு இந்தப் புள்ள சிரிக்கக் கூடாது. சொல்லிட்டேன்!"

என்னைப் பற்றி ஏதாவது ஒரு சாமி கணக்கு வைத்திருந்தால், அன்றைக்குத் தீர்த்துக்கொண்டது. ஏழு நாள். தினமும் நாலு மணிக்குப் போய்க் கட்டில் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேஸ்திரி எனக்கு வேலை கொடுத்ததைக் கூட வீட்டுக்காரிதான், சிரிப்பு வராதபடி, மகளுக்குச் சொன்னாள். பக்கத்துக் கட்டில் அம்மாள் ஏமாந்து போனாள். தெருவிலும் எனக்கு வாய் வரவில்லை. அதைப் பார்த்துவிட்டு எதிர்வீட்டுக்காரர் கலங்கிய கண்ணோடு வந்து என் தோளைப் பிடித்தார். "எதுவா இருந்தாலும் மனச வுட்டுடாதபா." ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எவ்வளவோ சொன்னேன். அதையும் அவர் நம்பவில்லை.

மூன்றாம் நாள் மகள் என்னைக் கிட்டே கூப்பிட்டாள். "ரெண்டு நாளுன்னு சொன்னே. இன்னிக்கும் வலிக்குது."

"தப்பாச் சொல்லிட்டேன் கண்ணு. எனக்குத் தெரிஞ்சது அவ்ளோதான்."

யோசித்தாள். "கொஞ்சம்தான் வலிக்குது" என்று விட்டுக்கொடுத்தாள்.

தையல் பிரிக்கிற நாளன்று, சேலையில் தப்பாக விழுந்த இழையை நறுக்கி இழுப்பது போலத்தான், சுருக்கென்று இருக்கும் என்று சொல்லி வைத்தேன். டாக்டர் நறுக்கினார், இழுத்தார். "சுருக்குதான்" என்றாள். ஆசாரியிடம் காட்ட அந்தத் துண்டு நூலைக் கேட்டு வாங்கிப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டாள்.

குதிரை வண்டியில் வீட்டுக்குத் திரும்பினோம். அவர்கள் இருவரும் உள்ளே, நான் பின்னால் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஆஸ்பத்திரி வாசல் தாண்டி, தேர் நிற்கும் இடம் வந்தது. என் முதுகை யாரோ சுரண்டினார்கள்.

"நைனா."

"இன்னா கண்ணு?"

"காலை மேல எடு."

எடுத்தேன். சம்மணம் போட்டுத் திரும்பி உட்கார்ந்தேன். அவள் கண்ணை அகலமாக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஏழு நாள் அடைத்து வைத்தது அத்தனையும் இருக்க வேண்டும், ஆனால் ஒன்று கூட வரவில்லை. குதிரை இருபது அடி போயிருக்கும்.

"ஒன் கழுத்துலேர்ந்து எடுத்தாங்களே," என்றேன், "அத ஆஸ்பத்திரி பின்னால நட்டு வெச்சிருக்காங்களாம். ஆனி மாசம் பழுக்குமாம்."

"மறுபடியுமா!" என்று வீட்டுக்காரி என் தொடையில் அறைந்தாள். மகள் கழுத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"தண்ணி நீதான் ஊத்தணும்" என்றாள். "ஒனக்குத்தான் அங்க வேலை போட்டுக் குடுத்துட்டாங்களே."

வண்டிக்காரர் முதலில் சிரித்தார். பிறகு அவள். தழும்பு இழுக்க இழுக்க, கையை எடுக்காமல் சிரித்தாள். வீட்டு வாசலில் இறங்கியதும் நேராகப் பானையிடம் போய் ஒரு சொம்பு மொண்டு குடித்தாள். இன்னொன்று மொண்டாள்.